கால் ஊறும் நேரம்

முதலில் தண்ணீருக்குள் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். விரலை நம்பக் கூடாது, காலிடம் கேட்கவே கூடாது, உன் உடம்பில் சூடு எது குளிர்ச்சி எது என்று பொய் சொல்லாத இடம் முழங்கை ஒன்றுதான் என்று மதர் தெக்கிளா சொல்லிக் கொடுத்த நாளிலிருந்து சேசடிமை அதை மாற்றியதில்லை. விட்டுப் பார்த்தார். பச்சைத் தண்ணீர்தான், தாமே பிடித்து வந்தது, சூடெல்லாம் இருக்காது என்று தெரியும், ஆனாலும் விட்டுப் பார்த்தார். பிறகு இடது காலை இரண்டு கையாலும் தூக்கி, வேறு யாருடைய காலையோ எடுத்து வைக்கிற மாதிரி, பிளாஸ்டிக் தொட்டிக்குள் இறக்கினார். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. தொட்டது என்று கண் சொன்னது. கால் ஒன்றும் சொல்லவில்லை, அது வாயை மூடி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாத்திரை தின்று தொழுநோய் எப்போதோ போய்விட்டது, மரத்துப்போனது மட்டும் போகவில்லை. இனி அசையக் கூடாது. தோல் ஊறி, காய்ப்பு இளகி, கல்லால் தேய்த்தால் மாவாக உதிர்கிற பதம் வரும்வரை கம்மென்று உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற நாளென்றால் இந்த நேரம் போவதே தெரியாது. கோழி வரும், காகம் வரும், எதிர்வீட்டு ரேடியோ ஏதாவது சொல்லும். இன்றைக்கு அப்படி இல்லை. இன்றைக்கு ஃபாதர் கிளாட்வின் வண்டி கொண்டு வருகிறார். ஆயர் இல்லத்தில் பெரிய மேசை போட்டு விசாரணைச் சாமிமார் உட்கார்ந்திருக்கிறார்கள், டாக்டர் ஒருவரும் இருப்பாராம். அவர்கள் முன்னால் வேதப் புத்தகத்தின்மேல் கையை வைத்து, இறந்துபோன மதர் தெக்கிளாவின் கல்லறையில் வேண்டிக்கொண்டேன், அதனால் என் கால்புண் ஆறியது, இது புதுமை, மனுஷ வைத்தியத்தால் ஆகாத அற்புதம், என்று சேசடிமை சொல்ல வேண்டும். சொன்னால் அது ரோமாபுரிக்குப் போகும். புதுமை ஒன்றாவது நிரூபணம் ஆனால் மதருக்கு அருளாளர் பட்டம், அதற்கப்புறம் புனிதர் பட்டம், பீடத்தில் சுரூபம், கொடியேற்றம், தேர். ஊரே வாயைப் பிளந்து காத்திருக்கிறது. சிக்கல் ஒன்றே ஒன்றுதான். சேசடிமை கல்லறையில் வேண்டிக்கொள்ளவே இல்லை.

வேண்டிக்கொள்ளாததற்கு அவிசுவாசம் காரணமில்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும், மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனது தண்ணீருக்காக. தருவைப்பட்டியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் உப்பளம், எங்கே தோண்டினாலும் கரிக்கும். தொழுநோய் இல்லத்துக் குழாயில் வருகிற தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, புண்ணில் பட்டால் ஓரமெல்லாம் வெளிறி வெடிக்கும். ஆனால் கல்லறைத் தோட்டத்து மூலையில், செடிக்கு ஊற்றவென்று போட்ட அடிகுழாயில் மட்டும் நல்ல தண்ணீர். ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. செத்தவங்களுக்கு நல்ல தண்ணி, இருக்கறவங்களுக்கு உப்புத் தண்ணியா, இது என்ன நியாயம் என்று மதரே கேட்டுச் சிரித்திருக்கிறார். குடிக்க அதை யாரும் எடுக்க மாட்டார்கள், கூச்சம். புண்ணுக்கு என்ன கூச்சம். கக்கத்தில் கட்டையை ஊன்றி, தோளில் வாளியை மாட்டி, புண்காலைத் தரையில் படவிடாமல் நொண்டிக்கொண்டே போய், தண்ணீர் அடித்து, ஊறவைத்து, தேய்த்து, துணி சுற்றி, வெயில் தாழும்வரை காலை உயரத்தில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உயரம் என்று அங்கே வேறென்ன இருக்கிறது, மதரின் கல்லறைதான் இருந்தது. புதுச் சிமெண்டு, வழவழவென்று, உட்கார்ந்தபடி கால் போடத் தோதான உயரம். வேப்பமர நிழல் வேறு. உபதேசியார் மரியலூயிஸ் ஒருநாள் பார்த்துவிட்டு, "ஏவே, அம்மா நெஞ்சு மேலயா காலைப் போட்டிருக்கீரு" என்று சத்தம் போட்டார். "காலைத் தூக்கி வைன்னு சொன்னதே அம்மாதான்வே" என்றார் சேசடிமை. அதே மரியலூயிஸ்தான் புண் ஆறியதும் முதல் ஆளாக ஊருக்குள் போய், கல்லறையில் காலை வைத்தார் குணமானார் என்று சொன்னது. சேசடிமை மறுக்காமல் இல்லை. தண்ணிதான்யா, கழுவினேன் ஆறிச்சு, என்று சொல்லச் சொல்ல, பாருங்க எவ்வளவு தாழ்ச்சி என்றார்கள். இதென்னடா கூத்து என்று அதோடு வாயை மூடிக்கொண்டார்.

மதரைப் பற்றியும் கேட்பார்கள். என்னத்தைச் சொல்ல. தஞ்சாவூர்ப் பக்கம் நெல்லும் வாழையுமாக இருந்த பெரிய வீட்டுப் பெண், பட்டணத்தில் பள்ளிக்கூடம் நடத்த வேண்டியவர், கேட்டு வாங்கிக்கொண்டு இந்த உப்புக்காட்டுக்கு வந்தார் என்று அட்டையில் படத்தோடு அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அட்டையில் இல்லாதது மூக்குப்பொடி. அங்கிப் பையில் மடித்து வைத்திருப்பார், புண் கட்ட உட்காருமுன் ஒரு சிட்டிகை, எழுந்ததும் ஒரு சிட்டிகை. நாற்றத்துக்குத்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். கேட்டதற்கு, "அதெல்லாம் இல்லப்பா, எங்கப்பா போடுவார், எனக்கும் பழகிடுச்சு, மேலிடத்துல சொல்லிடாதே" என்றார். இதைச் சொல்லலாமா, சொன்னால் பட்டம் நின்றுபோகுமா. கோபமும் உண்டு. செருப்பில்லாமல் எவனாவது நடந்து கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்கு அவன் தொலைந்தான். அந்த வாயையும் சொல்ல வேண்டுமா. புனிதர்கள் எல்லாரும் மேலே பார்த்தபடி இருக்கிறார்கள், கோயிலில் எந்தச் சுரூபத்தை வேண்டுமானாலும் பாருங்கள், கண் மேலேதான். மதரின் கண் எப்போதும் கீழே. ஆள் வருவதை முகத்தில் பார்க்க மாட்டார், பாதத்தில் பார்ப்பார். வெளியே எங்கோ பஜாரில் வைத்துப் பார்த்தால்கூட முதலில் காலைப் பார்த்துவிட்டுத்தான் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அப்படி ஒரு சுரூபம் செய்வார்களா, தலையைக் குனிந்துகொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. செய்தால் அதன் முன்னால் முழங்காலில் நிற்கலாம். இல்லை, அதன் முன்னால் முழங்காலில் நின்றால் பாதம் அவர் கண்ணில் படாது, எழுந்திரு, காலைக் காட்டு என்பார்.

முதல் நாளைச் சொல்லலாம். அப்போது இவர் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த பயல், பாதத்தில் கல் ஏறினதே தெரியாமல் நடந்து, பாத்தியில் தண்ணீர் சிவந்து கிடப்பதைப் பார்த்து யாருக்குடா அடி பட்டது என்று சுற்றிலும் தேடினவன். தன் கால்தான் என்று கடைசியில்தான் தெரிந்தது. அதற்கப்புறம் வீட்டில் தட்டு தனி, பாய் தனி, அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் இப்படி ஒரு தம்பி இருப்பதாகவே சொல்லவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பயம் யாரை விட்டது. இல்லத்து வராந்தாவில் மதர் முக்காலியில் உட்கார்ந்து மடியில் ஒரு துண்டை விரித்து, "காலைக் கொண்டா" என்றார். அவன் கொடுக்கவில்லை. வீட்டைவிட்டு வந்த கால், நாய்கூட மோந்துவிட்டு விலகின கால், அதை அந்த வெள்ளை அங்கியின்மேல் எப்படி வைப்பது. அவரே குனிந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அவனுக்கு அழுகை வரவில்லை, நன்றியும் வரவில்லை. வந்தது பயம். பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது எழுந்தேற்ற மணி அடித்ததும் தலை தானாகக் குனியுமே, அந்த மாதிரிப் பயம். அவரோ கத்தரிக்காய் முற்றலாக வந்துவிட்டது என்று சமையல்கார ஸ்கொலாஸ்திக்காளைத் திட்டிக்கொண்டே கழுவினார். சேசுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஊறவைத்தார், தேய்த்தார், செத்த தோலைச் செதுக்கினார், விரல் இடுக்கில் துணி விட்டு ஒற்றினார், எண்ணெய் பூசினார், அடுத்த கால் என்றார். அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும். மழைக்காலம் வந்தது, போனது, அதே முக்காலி, அதே துண்டு. வராந்தாவில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஒரு காலையும் அவர் அவசரமாக விட்டதில்லை.

இதில் சேசடிமையின் மனம் ஒவ்வொரு முறையும் வந்து முட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. அத்தனை வருஷம் அவர் கழுவினாரே, அதில் ஒரு தடவைகூட அவர் கை பட்டது இவருக்குத் தெரியவில்லை. ஒரு தடவைகூட. கண்ணால் பார்த்தது மட்டும்தான். பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டால் அவர் கழுவுகிறாரா நிறுத்திவிட்டாரா என்றே தெரியாது. பசித்தவனுக்குச் சோறு போட்டால் அவன் வயிறு குளிர்வதை முகத்தில் பார்க்கலாம். குளிரில் கிடக்கிறவனுக்குத் துணி போர்த்தினால் அவன் சுருண்டு படுப்பதைப் பார்க்கலாம். மரத்துப்போன காலைத் தடவிக் கொடுப்பதில் என்ன கிடைக்கும். அங்கிருந்து ஒன்றும் திரும்பி வராது. இது அவருக்குத் தெரியாதா, எல்லாரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும், ஊசியால் குத்திக் குத்திப் பார்த்து இங்கே உணர்ச்சி இல்லை என்று குறித்துவைத்ததே அவர்தானே. தெரிந்தும் அவ்வளவு மெதுவாக, வலித்துவிடுமோ என்கிற மாதிரி, ஓரத்தைச் செதுக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு. ஒருநாள் சேசடிமை பொறுக்காமல் கேட்டே விட்டார். "எதுக்கும்மா இவ்வளவு பதனமா பண்ணுதிய, எனக்குத்தான் ஒண்ணுமே தெரியலையே." மதர் நிமிரவில்லை. "உனக்குத் தெரியலைன்னா என்னப்பா, எனக்குத் தெரியுதே" என்றார். பிறகு தும்மினார், பொடி காரம். அந்தச் சொல் இன்னும் இறங்கவில்லை, தொண்டையிலேயே நிற்கிறது. வேதப் புத்தகத்தின்மேல் கைவைத்துச் சொல்லவேண்டியது அதுதானே, அதைவிடப் பெரிய புதுமை என்ன இருக்கிறது. ஆனால் அது கணக்கில் வராதாம். ஃபாதர் கிளாட்வின் தன்மையாக விளக்கிவிட்டார். உயிரோடிருந்தபோது செய்த நல்ல காரியமெல்லாம் வேறு பகுதி, அது முடிந்தாயிற்று. இப்போது தேவைப்படுவது இறந்த பிறகு நடந்தது, மனுஷரால் ஆகாதது.

ஹாரன் கேட்டது. வந்துவிட்டார். சேசடிமை எழுந்திருக்கப் பார்த்து, கால் ஊறவில்லை என்று ஞாபகம் வந்து உட்கார்ந்தார். ஃபாதர் வாசலிலேயே நின்று செருப்பைக் கழற்றப் போனார், உள்ளேயிருந்து சேசடிமையின் மனைவி பிரகாசி, "செருப்பைக் கழத்தாதீங்க சாமி, இந்த வீட்டுல கழத்துனா ஏச்சுதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முந்தானையை இழுத்துக் கை இரண்டையும் மூடிக்கொண்டாள், வெளி ஆட்கள் வந்தால் அவளுக்கு அது பழக்கம். அவளும் இல்லத்துக்கு வந்தவள்தான், விரல்கள் உள்ளே மடங்கிப்போனவை. "இன்னும் ஊறலை. ஊறினதும் வந்துருவாவ. கருப்பட்டிக் காப்பி போடட்டா." "வேண்டாம்மா, குடிச்சிட்டுத்தான் வந்தேன். பெரியவரே, மெதுவா வாங்க, அவசரமில்ல. கேக்குற கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும், நீட்ட வேண்டாம். கல்லறையில தினமும் இருந்தீங்க, புண்ணு ஆறிச்சு, அவ்வளவுதான்." நல்ல பிள்ளை, முகத்தில் கள்ளமே இல்லை. சொல்லிவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்து ஜெபப் புத்தகத்தை விரித்தார். தினமும் இருந்தீங்க, புண்ணு ஆறிச்சு. பொய் ஒன்றும் இல்லையே. இருந்ததும் உண்மை, ஆறினதும் உண்மை. நடுவில் ஒரு 'அதனால்' போடுவதும் போடாததும் அவர்கள் பாடு. சேசடிமை உதட்டை அசைத்துப் பார்த்தார். கல்லறையில் தினமும் இருந்தேன். இது வந்தது. புண் ஆறிவிட்டது. இதுவும் வந்தது. சத்தியமாக, என்று சேர்த்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மதர் எதைப் பொறுத்தாலும் இதைப் பொறுக்க மாட்டார். கழுவாமலே கழுவினேன் என்று சொல்கிறவர்களைத் துண்டை விலக்கிப் பார்த்தே கண்டுபிடிப்பார், என்கிட்ட சொல்லலாம்ப்பா, உன் காலுகிட்ட சொல்ல முடியுமா என்பார். அவருக்காகவே அவருக்குப் பிடிக்காததைச் செய்வதா. செய்யாவிட்டால் வேறு புதுமை கைவசம் இல்லை, வேறு இரண்டு பேர் சொன்னது டாக்டரிடம் நிற்கவில்லை, இவர் கால் ஒன்றுதான் மிச்சம் என்று ஃபாதரே சொன்னார். அந்த அம்மாவைப் பீடத்தில் ஏற்றுவதும் இறக்குவதும் இந்த மரத்துப்போன காலின்மேலா வந்து நிற்க வேண்டும்.

அதுவும் பெரிதில்லை. ரோமாபுரி எட்டாத தூரத்தில் இருக்கிறது, அங்கே ஒருவர் முகம் வாடினால் இங்கே தெரியப்போவதில்லை. பிரகாசியின் முகம் பக்கத்தில் இருக்கிறது. அவள் வேண்டினாள். அது எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மதர் அடக்கமான நாளிலிருந்து விடிந்ததும் விடியாததுமாகக் கல்லறைக்குப் போய் முழங்காலில் நிற்பாள், திரும்பி வரும்போது சேலையில் செம்மண் வட்டமாக ஒட்டியிருக்கும். மெழுகுவர்த்தி பிடிக்க விரல் வராது, இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு போவாள். புண் ஆறின நாளிலிருந்து வருஷம் தவறாமல் அந்த மாதத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிறாள், தாங்களே கஞ்சி வாங்கிக் குடித்த ஆட்கள் என்பதெல்லாம் அவளுக்கு நினைவே இருக்காது. அவ்வளவு நம்பிக்கை. அவள் முன்னால், அவள் கேட்கும்படி, நல்ல தண்ணீர்தான் காரணம், உன் முழங்கால் தேய்ந்தது வீண் என்று எந்த வாயால் சொல்வது. இவர்கள் இருவருக்கும் கல்யாணம் செய்துவைத்ததே மதர்தான். இவளுக்குக் கை வராது, உனக்குக் கால் வராது, ரெண்டும் சேர்ந்தா ஒரு முழு ஆளு, சண்டை போடாம இருங்க என்றார். போடாமல் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் ஒரு சொல் பேசினதில்லை. புதுமை என்று ஊர் சொல்லும்போதெல்லாம் அவள் ஒன்றும் சொல்லாமல் கழுத்தில் தொங்குகிற சின்னச் சுரூபத்தைத் தொட்டுக்கொள்வாள். இவரும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போவார். இன்றைக்கு வெளியே போக முடியாது, வண்டி வாசலை அடைத்து நிற்கிறது.

தண்ணீரில் கால் வெளுத்துச் சுருங்க ஆரம்பித்திருந்தது. அந்தத் தழும்பு, குதிகாலுக்கும் விரலுக்கும் நடுவே, வெள்ளையாய் ஒரு கோடு. அது புண்ணாக இருந்த காலத்தை நினைக்க அவருக்கு இஷ்டமில்லை, நினைப்பு கேட்கிறதா. மதர் போனபின் இவர் காலைக் கழுவவில்லை. அதுதான் விஷயம். சோம்பல் இல்லை, வீம்பு. இத்தனை வருஷம் காய்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டவரே மண்ணுக்குள் போய்விட்டார், இனி இந்தக் காலுக்கு என்ன வந்தது. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். பிரகாசி தொட்டியைக் கொண்டு வந்து வைத்தால் எட்டி உதைத்தார். அவள் மடங்கின கையால் துணியை நனைத்துத் துடைக்க வந்தால் காலை இழுத்துக்கொண்டார். வெடித்தது, புண்ணானது, ஆழமானது, ஈ வந்தது, நாற்றம் வந்தது, வீட்டுக்குள் ஆள் வருவது நின்றது. டாக்டர் பார்த்துவிட்டு, இப்படியே விட்டா எடுக்கத்தான் வேணும் என்றார். எடுங்க என்றார் சேசடிமை. அப்படிக் கிடந்த மனுஷன். பிறகு ஒரு காலையில் எழுந்தார். வாளியை எடுத்தார். ஏன் எழுந்தார். இங்கேதான் ஒவ்வொரு தடவையும் நழுவுகிறது. நாற்றம் பொறுக்காமலா, அது அதற்கு முந்தின நாளும்தான் இருந்தது. டாக்டர் சொன்ன பயத்திலா, பயம் இருந்தால் எடுங்க என்று சொல்லியிருக்க மாட்டார். கல்லறைத் தோட்டத்தில் நல்ல தண்ணீர் இருக்கிறது என்கிற யோசனையிலா, அந்த யோசனை வந்ததே வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்த பிறகுதான், எந்தக் குழாய்க்குப் போவது என்று நின்றபோதுதான். அதற்கு முன்னால். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், சுண்ணாம்பு உரிந்த இடம் தெரிந்தது, அப்புறம் வாளி கையில் இருந்தது. நடுவில் என்ன. கனவா, இல்லை. யாராவது கூப்பிட்டார்களா, இல்லை. ஒரு சொல்லும் கேட்கவில்லை, ஒரு வெளிச்சமும் தெரியவில்லை. கழுவணும் என்று இருந்தது, பசிக்கிற மாதிரி. அவ்வளவுதான். அதை யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல அதில் ஒன்றுமே இல்லையே.

பிரகாசி காய்ப்புக் கல்லையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் இடுக்கிக்கொண்டு வந்து எதிரில் குந்தினாள். தொட்டிக்குள் பார்த்தாள். "ஊறிட்டு. எடும்." அவர் எடுக்கவில்லை. "ஏட்டி." "என்ன." "அங்க போயி நான் பொய் சொல்ல மாட்டேன்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "யாரு உம்மைப் பொய் சொல்லச் சொன்னா." "நான் கல்லறையில ஒருநாளும் வேண்டிக்கிடலை. தண்ணிக்குத்தான் போனேன். தண்ணியிலதான் ஆறிச்சு." சொல்லிவிட்டார். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் தண்ணீரைப் பார்த்தார். அவள் அழுவாள் என்று நினைத்தார். "நீரு வேண்டலைன்னு எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள் பிரகாசி. "வாய்க்குள்ள ஏசிக்கிட்டே தேய்ப்பீரு, நான் அந்தப் பக்கம் நின்னு பாத்திருக்கேன்." "நீ வேண்டினியே, புண்ணு ஆறணும்னு. அது இல்லைன்னு ஆயிரும்லா, நான் தண்ணின்னு சொன்னா." அவள் கல்லைக் கீழே வைத்தாள். "புண்ணு ஆறணும்னு யாரு வேண்டினா." அவருக்குப் புரியவில்லை. "பின்ன என்னத்த வேண்டின." "புண்ணு ஆறுறதுக்குத்தான் வழி தெரியுமே, அம்மா சொல்லிக் கொடுத்துட்டுத்தான போனாவ. அதுக்கு எதுக்குப் போயி முழங்கால்ல நிக்கணும்." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, கடையில் என்ன வாங்கினாய் என்று கேட்டால் சொல்வதுபோல. "இந்த மனுசன் சுவரை விட்டுத் திரும்பணும், எந்திரிச்சு வாளியை எடுக்கணும், தன் காலைத் தானே கழுவணும். இந்த ஒண்ணைத்தான் கேட்டேன். கால் போனாலும் போகட்டும், கழுவுற மனசைக் கொடுங்கம்மா, அது மனுசரால குடுக்க முடியலைன்னு கேட்டேன். தினமும் அதேதான்."

சேசடிமை தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். உடம்பெல்லாம் சிலிர்த்து மயிர் எழுந்து நின்றது, கையில், பிடரியில், தொடையில், உணர்ச்சியிருந்த இடம் அத்தனையிலும். "என்கிட்ட ஏன் சொல்லலை, இத்தனை வருஷம்." "அப்பவே சொல்லியிருந்தா நீரு எனக்காக எந்திரிச்சிருப்பீரு. ரெண்டு நாளு கழுவிட்டு மறுபடியும் படுத்திருப்பீரு. உம்மை எனக்குத் தெரியாதா. பிறகு சொல்ல என்ன இருக்கு, நீருதான் விடாமக் கழுவிக்கிட்டிருக்கீரே." அந்தக் காலையில், சுண்ணாம்புக்கும் வாளிக்கும் நடுவில், ஒன்றுமில்லாத அந்த இடத்தில், இவள் செம்மண்ணில் முழங்காலில் நின்றிருக்கிறாள், இவருக்குத் தெரியாமல். பயமாக இருந்தது. ஆனந்தமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது, அவர் மூன்றையும் அடக்கவில்லை. ஃபாதர் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து, "பெரியவரே, கிளம்புவமா" என்றார்.

"சாமி, ஒரு நிமிசம்" என்று சேசடிமை குரல் கொடுத்தார். "வண்டியில இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கா."

"இருக்கே. யாரு வாராங்க."

"இவ வாரா. சத்தியம் பண்ணவேண்டிய ஆளு நான் இல்லை சாமி, இவ. நான் தண்ணிக் கதையைச் சொல்லுதேன். மிச்சத்தை இவ சொல்லட்டும்."

"எனக்கு அங்க என்ன வேலை" என்று பிரகாசி பதறி எழுந்தாள். முந்தானையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். ஃபாதர் புத்தகத்தை மூடிவிட்டு இறங்கி வந்தார், ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு, மெல்லக் கேட்டாள்.

"சாமி, வேதப் புத்தகத்துமேல கையை விரிச்சுத்தான வைக்கச் சொல்லுவாவ. விரல் நீளாதவ சத்தியம் பண்ணினா அது செல்லுமா?"

ஃபாதர் கிளாட்வின் முந்தானைக்குள் மடங்கியிருந்த அவள் கையைப் பார்த்தார். பிறகு, "செல்லும்மா" என்றார். அவள் சேலை மாற்ற உள்ளே போனாள்.